பாத்திமா பீவி திறந்த கதவும் நம் வீட்டு வாசலும்



மரக்காணத்து உப்பளங்களில் வெயில் உச்சம் தொடும் மாதம்தான் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதமும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பாத்திகள் கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையில் கிடக்க, பெண்கள் உப்பைக் கூடையில் சுமந்து வந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். அத்தகைய ஒரு மாதத்தின் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தோம். உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சகோதரர் ஒருவர், தம் மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருப்பதாகக் கூறினார். மாஷா அல்லாஹ் என்றோம். சட்டம் படிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள் என்று அடுத்த வார்த்தை வந்தது. முற்றத்தில் சற்று நேரம் பேச்சில்லை.

"பொம்பளப் புள்ளைய கோர்ட்டு கச்சேரிக்கு அனுப்பப் போறீங்களா பாய்?" என்றார் ஒருவர். "டிகிரி முடிச்சு பி.எட். படிக்கட்டும், டீச்சர் வேலைதான் பாதுகாப்பு" என்றார் இன்னொருவர். "வக்கீலுக்குப் படிச்ச பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையிறது கஷ்டம்" என்று முடித்து வைத்தார் மூத்தவர். சகோதரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நாங்களும் வீடு திரும்பினோம்.

அந்தப் பதில் இன்றுவரை நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனெனில் நம் சமுதாய மேடைகளில், மீலாது விழாக்களில், கல்வி விழிப்புணர்வுக் கூட்டங்களில் நாம் தவறாமல் உச்சரிக்கும் பெயர் ஒன்று உண்டு. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஒரு முஸ்லிம் என்று ஒலிபெருக்கி அதிரப் பெருமை பேசுவோம். மர்ஹூமா நீதியரசர் பாத்திமா பீவியின் படத்தைச் சுவரொட்டியிலும் அச்சிடுவோம். மேடையில் போற்றும் அவரை நம் வீட்டுக்குள் அனுமதிக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோமா? இதையே இக்கட்டுரை கேட்க விரும்புகிறது. அதற்கு முதலில் அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தந்தையின் முடிவு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பத்தனம்திட்டாவில் 1927 ஏப்ரல் 30 அன்று பாத்திமா பீவி பிறந்தார். தந்தை அன்னவீட்டில் மீரா சாஹிப். தாயார் கதீஜா பீவி. இராவுத்தர் குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர் அவர். மீரா சாஹிபு, மீராம்மா, இராவுத்தர் என்ற பெயர்கள் நம் ஊர்களில் எத்தனை குடும்ப அட்டைகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மலைத்தொடருக்கு அப்பால் இருந்தாலும், அது நமக்கு அந்நியமான குடும்பம் அன்று.

பாத்திமாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1937இல், திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்னும் பெண் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். நீதிபதியின் இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியப் பெண் அவரே. பின்னர் 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். இந்தப் பெண்மணியின் வளர்ச்சியைக் கவனித்து வந்தவர்களுள் மீரா சாஹிபும் ஒருவர். அவர் கிறித்தவர், நாம் முஸ்லிம்கள் என்றோ, அது அவர்களுக்குச் சரிப்படும், நமக்குச் சரிப்படாது என்றோ அவர் ஒதுங்கிவிடவில்லை. தம் மகளும் அப்படி வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பத்தனம்திட்டாவில் பள்ளிப் படிப்பை முடித்த மகள், திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றார். அதே பாடத்தில் மேற்படிப்புப் படிக்கவே அவர் விரும்பியிருந்தார். தந்தையோ, சட்டம் படி என்றார். திருவனந்தபுரம் அரசுச் சட்டக் கல்லூரியில் சேர்த்தார். நம்மில் பலர் சட்டம் படிக்கக் கேட்கும் மகளை ஆசிரியப் பணிக்குத் திருப்பிவிடுகிறோம். ஆசிரியப் பணிக்குப் போகக்கூடிய மகளைச் சட்டத்தின் பக்கம் திருப்பினார் அந்தத் தந்தை. இத்தனைக்கும் அது 1940களின் இறுதி. முஸ்லிம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம்.

சட்டப் படிப்பை முடித்தபின், பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார் பாத்திமா. அப்பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர். 1950 நவம்பர் 14 அன்று வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, கொல்லம் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். தலையில் முக்காடிட்ட ஓர் இளம் பெண் கறுப்பு அங்கியுடன் வந்து நின்றதைப் பார்த்துப் புருவம் உயர்த்தியவர்கள் அங்கும் இருந்தார்கள். அவர் முக்காட்டையும் விடவில்லை, வழக்குக் கட்டையும் விடவில்லை.

படிப்படியாக ஏறிய ஏணி

உப்பளத்தை அறிந்த நமக்கு ஒன்று தெரியும். கழியிலிருந்து இறைத்த நீர் அன்றைக்கே உப்பாகிவிடாது. முதல் பாத்தியில் தேங்கி, வெயிலில் வற்றி, அடுத்த பாத்திக்குப் பாய்ந்து, அங்கும் காய்ந்து, அடர்ந்து, கடைசிப் பாத்தியில்தான் உப்பாய்ப் படியும். இடையில் ஒரு மழை பெய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாத்திமா பீவியின் பணி வாழ்க்கை அப்படித்தான் ஒவ்வொரு பாத்தியாகக் கடந்து வந்தது.

எட்டாண்டுகள் வழக்கறிஞராக இருந்தபின் 1958 மே மாதம் கேரளக் கீழமை நீதித்துறையில் முன்சீப்பாகப் பணியில் சேர்ந்தார். 1968இல் சார்பு நீதிபதி. 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர். 1974இல் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர். 1983 ஆகஸ்ட் 4 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. மறு ஆண்டு மே மாதம் அப்பதவி நிரந்தரமானது. 1989 ஏப்ரல் 29 அன்று ஓய்வு பெற்றார்.

இந்த ஆண்டுகளை நாம் வரிசையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. முன்சீப் பதவியிலிருந்து சார்பு நீதிபதியாக உயர்வதற்குள் பத்தாண்டுகள் சென்றிருக்கின்றன. நில வழக்கு, வரப்புத் தகராறு, கடன் பத்திரம், அடிதடி, திருட்டு என்று எளிய மக்களின் வழக்குகளைக் கேட்டுக்கேட்டே அவர் அனுபவம் பெற்றார். யாருடைய பரிந்துரையும் அவரை ஒரே நாளில் உச்சியில் கொண்டுபோய் அமர்த்திவிடவில்லை.

ஓய்வு பெற்று வீடு திரும்பிய ஐந்து மாதங்களில் டெல்லியிலிருந்து அழைப்பு வந்தது. 1989 அக்டோபர் 6 அன்று, தம் 62ஆம் வயதில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக அவர் பதவி ஏற்றார். 1950இல் தொடங்கப்பட்ட அந்த நீதிமன்றத்தில் 39 ஆண்டுகளாக ஒரு பெண்கூட அமர்ந்ததில்லை. நாட்டின் உயர் நீதித்துறையில் அமர்ந்த முதல் முஸ்லிம் பெண்ணும் அவரே. மூடிக் கிடந்த ஒரு கதவைத் தாம் திறந்ததாக அவரே பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தது 1992 ஏப்ரல் 29 வரை, இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். அக்காலத்தில் அவர் எழுதிய தீர்ப்புகளுள் ஒன்றை நம் கடற்கரை மக்கள் அறிந்திருப்பது நல்லது. கர்நாடகத்தில் ஒரு குடிசைப் பகுதியை மேம்படுத்துவதாக அறிவித்த அரசு, பின்னர் அங்கு வாழ்ந்த மக்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அந்த அறிவிப்பை மாற்றியது. தாழ்த்தப்பட்டோர் மற்றும் நலிந்த பிரிவினர் நலச் சங்கம் தொடுத்த அந்த வழக்கில், 1991இல், மக்களின் உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுக்குமுன் அவர்களுடைய தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது நீதியின் முதல் பாடம். அந்தப் பாடத்தைக் குடிசைவாசிகளின் பக்கம் நின்று அவர் நிலைநாட்டினார். பள்ளிவாசல் முற்றத்தில் நாங்கள் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியபோது, அவளுடைய தரப்பைக் கேட்க ஒருவரும் நினைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

தமிழ்நாட்டின் ஆளுநராக

ஓய்வுக்குப் பின் 1993இல் தேசிய மனித உரிமை ஆணையத்தின் உறுப்பினரானார். 1997 ஜனவரி 25 அன்று தமிழ்நாட்டின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். நான்கரை ஆண்டுகள் கிண்டி ராஜ்பவனில் இருந்தார். அக்காலத்தில் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு, தலையில் சேலை முந்தானையை இட்டு, கண்ணாடி அணிந்து, குடியரசு நாளில் மரியாதை ஏற்கும் அந்த உருவம் நினைவிருக்கும்.

அவரைப் போற்றும்போது இக்காலத்தின் சங்கடமான பகுதிகளை விட்டுவிடுவது வழக்கம். அது நேர்மை ஆகாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை 1999இல் அவர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் எடுத்த முடிவு என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2001 மே 14 அன்று, தேர்தலில் நிற்கத் தகுதி இழந்திருந்த ஜெயலலிதாவுக்கு அவர் முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சி தேர்ந்தெடுத்த தலைவர் என்பது அவர் கூறிய காரணம். அடுத்த மாத இறுதியில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி நள்ளிரவில் கைது செய்யப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில், ஆளுநரைத் திரும்ப அழைக்கப் பரிந்துரைக்க மத்திய அமைச்சரவை முடிவெடுக்க, அவர் பதவி விலகினார். அந்தப் பதவிப் பிரமாணம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த ஐவருள் ஒருவர் நீதியரசர் ரூமா பால். பாத்திமா பீவி திறந்த கதவின் வழியே உச்ச நீதிமன்றத்துக்குள் வந்த மூன்றாவது பெண்மணி அவர்.

நாம் போற்றும் ஒருவருடைய முடிவை நீதிமன்றம் தவறென்று சொன்னதை எழுதுவதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்றுதான் அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதால் ஒரு முடிவைச் சரியென்று சாதிப்பது அந்தக் கட்டளைக்கு மாறானது. பிள்ளைகளுக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இனி, நம் வீடுகளில் எழும் தயக்கத்துக்கு வருவோம். பெண் நீதிபதியாக இருக்க மார்க்கத்தில் இடமுண்டா என்ற கேள்வியைச் சிலர் உண்மையாகவே கேட்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்வது சரியன்று. ஃபிக்ஹு நூல்களில் இது பேசப்பட்ட விஷயமே. ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் பெண்ணைக் காழியாக நியமிப்பதை ஏற்கவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில், ஹுதூது, கிஸாஸ் ஆகிய குற்றவியல் தண்டனை வழக்குகள் நீங்கலான பிற விவகாரங்களில் பெண்ணின் தீர்ப்புச் செல்லும் என்ற கருத்து உண்டு. இமாம் இப்னு ஜரீர் அத்தபரீ (ரஹ்) எல்லா விவகாரங்களிலும் அதை அனுமதித்தார் என்றும் அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அண்மைக் காலத்தில், பாலஸ்தீனத்தில் 2009இல் குலூத் அல்ஃபகீஹ் ஷரீஅத் நீதிமன்ற நீதிபதியானார். மலேசியாவில் 2010இல் ஷரீஅத் நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் நெடுங்காலமாகவே பணியாற்றுகிறார்கள்.

ஆகவே இது கருத்து வேறுபாட்டுக்கு உட்பட்ட விஷயம். மேலும், நம் மகள் செல்லவிருப்பது இந்திய நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நீதிமன்றத்துக்கு. காழி பதவி குறித்த பழைய விவாதத்தை அப்படியே அதன்மேல் ஏற்றலாமா என்பதை ஆலிம்கள் நமக்கு விளக்கட்டும். சட்டத்தைக் கற்பதற்கும் அநீதிக்கு ஆளான ஒருவருக்காக வாதிடுவதற்கும் எந்த மத்ஹபும் தடை விதிக்கவில்லை என்பதே இங்கு நமக்குத் தேவையான செய்தி.

வாதிடுவதைப் பற்றிப் பேசும்போது கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை எப்படி மறக்க முடியும்? நீ எனக்குத் தாயின் முதுகைப் போன்றவள் என்று அறியாமைக் கால வழக்கப்படி கணவர் சொல்லிவிட, மனைவியாகவும் வாழ இயலாமல், விடுதலையும் கிடைக்காமல் அவர் தவித்தார். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் நேரே சென்று தம் வழக்கை எடுத்துரைத்தார். திரும்பத் திரும்ப வாதிட்டார். அவருக்காகவே இறைவசனங்கள் இறங்கின. அந்த அத்தியாயத்துக்கே அல்முஜாதலா என்று பெயர். வாதிட்ட பெண் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி அந்த மூதாட்டி நெடுநேரம் பேசியதையும், உடனிருந்தவர்கள் பொறுமையிழந்தபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்ட குரல் இது என்று உமர் (ரலி) உணர்த்தியதையும் தஃப்ஸீர் நூல்கள் குறிப்பிடுகின்றன. ஸஹாபாக்களே ஐயம் கேட்டுத் தெளிந்த அறிவுக் கடலாக அன்னை ஆயிஷா (ரலி) விளங்கியதையும், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) எழுதக் கற்பித்ததையும் நாம் குத்பாக்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் வீடுகளில் நடப்பது

இப்போது நம் ஊருக்கு வருவோம். தந்தை மவுத்தாகி நாற்பது நாள் கழிந்ததும் பாகப் பேச்சு தொடங்குகிறது. வீடும் மனையும் தோப்பும் சகோதரர்களின் பெயருக்கு மாற வேண்டும். அதற்குச் சகோதரிகள் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை சகோதரிகள் படித்துப் பார்க்கிறார்கள்? எவ்வளவு மதிப்புள்ள பங்கை விட்டுக்கொடுக்கிறோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சேலையும் ஒரு வேளை விருந்தும் அந்தப் பங்குக்கு ஈடாகிவிடுகின்றன. பெண்ணுக்கான பங்கைக் குர்ஆன் அளந்து வைத்திருக்கிறது. அதைத் தடுப்பது ஹராம் என்று அறிந்திருந்தும், ஐவேளைத் தொழும் நம் கைகளே அந்தப் பத்திரத்தை நீட்டுகின்றன. அந்த மேசையருகில் சட்டம் படித்த ஒரு மகள் நின்றிருந்தால், "அத்தா, மாமிக்குச் சேர வேண்டியது இவ்வளவு; முதலில் அதைக் கொடுங்கள்" என்று சொல்லியிருப்பாள். அவளை நாம் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலாக், குலா, மஹர், இத்தாக் காலச் செலவு, பிள்ளைகளின் பராமரிப்பு என்று எத்தனை வழக்குகள் நம் குடும்பங்களிலிருந்து நீதிமன்றம் செல்கின்றன! கைவிடப்பட்ட ஒரு சகோதரி, தன் இல்லற வாழ்வின் அந்தரங்கங்களை அறிமுகமில்லாத ஆண் வழக்கறிஞரிடம், கூட வந்த அண்ணன் முன்னிலையில், தலை குனிந்தபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பாதியைச் சொல்கிறாள், மீதியை விழுங்கிவிடுகிறாள். விழுங்கியது வழக்கில் வருவதில்லை. பெண் நோயாளிக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அதே நியாயம் நீதிமன்றத்தில் நிற்கும் பெண்ணுக்குப் பொருந்தாதா? முஸ்லிம் தனியார் சட்டத்தை நீதிமன்றங்கள் தவறாக விளங்குகின்றன என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். மார்க்கத்தையும் நாட்டின் சட்டத்தையும் சேரக் கற்ற பெண்கள் வழக்கறிஞர் இருக்கைகளிலும் நீதிபதி இருக்கைகளிலும் இல்லாதவரை அந்த வருத்தம் வெறும் பேச்சாகவே நிற்கும்.

மாப்பிள்ளை அமையாது என்ற அச்சத்தையும் பார்ப்போம். நீதியரசர் பாத்திமா பீவி மணம் புரிந்துகொள்ளவில்லை என்பது உண்மை. அதைச் சுட்டிக்காட்டிப் படிப்புதான் காரணம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவருக்கு முன்மாதிரியாக இருந்த அன்னா சாண்டி மணமாகிக் குடும்பம் நடத்தியவர்தாம். பட்டப் படிப்பு முடித்த மாப்பிள்ளைக்குப் படித்த பெண் வேண்டும் என்று நாமே தேடி அலைகிறோம். மகள் படித்தால் மட்டும் மாப்பிள்ளை கிடைக்கமாட்டார் என்கிறோம். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? கொடுக்கல் வாங்கல் பேசும் இடத்தில் சட்டம் அறிந்த மருமகள் வேண்டாம் என்று தயங்கும் குடும்பம் இருக்கலாம். அத்தகைய வீட்டுக்கு நம் மகள் போகாமலிருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

வழி தூரமில்லை

செலவும் தூரமும் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. நம் மாவட்டத் தலைநகரான விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்பிலும், பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்பிலும் சேர்ந்து சட்டம் பயிலலாம். புதுச்சேரிக்குச் செல்லும் நம் பேருந்துகள் காலாப்பட்டைக் கடக்கும்போது, அங்கும் ஒரு சட்டக் கல்லூரி இருப்பதைக் காணலாம்; அது புதுவை யூனியன் பிரதேசத்துக்கு உரியது. தமிழ்நாட்டின் கல்வி நிறுவனங்களிலும் அரசுப் பணிகளிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உண்டு. அதைப் பெறுவதற்காகப் போராடினோம், மாநாடு நடத்தினோம். பெற்றபின், அந்த இடங்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவதில் சோர்ந்துவிட்டோம்.

நீதிபதியாவதற்கு மூடுமந்திரம் எதுவும் இல்லை. உரிமையியல் நீதிபதிப் பணிக்குத் தேர்வு இருக்கிறது. மூன்றாண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியது. இதனால் பெண்களுக்கு ஒரு புதிய சோதனை வந்திருக்கிறது. படிப்பு முடிந்த மறுநாளே தேர்வெழுதி உத்தியோகத்துடன் திரும்பிவிடுவாள் என்று பெற்றோரைச் சமாதானப்படுத்த இனி இயலாது. மூன்றாண்டுகள் அவள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நீதிமன்றம் சென்று வர வேண்டும். வருமானம் குறைந்த அந்த மூன்றாண்டுகளில் அவளுடைய பேருந்துக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் வீட்டார் தாங்க வேண்டும். நிக்காஹ் பேச்சைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டும், அல்லது அவளைத் தொடரவிடும் மருமகனைத் தேட வேண்டும். ஆகவே முன்னைவிட இன்றுதான் தந்தையின் துணை அவளுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஜமாஅத்துகளும் ஸகாத், ஸதகா நிதிகளிலிருந்து தகுதியான ஏழை மாணவிகளுக்கு உதவுவது குறித்து ஆலிம்களிடம் ஆலோசனை பெற்று முடிவெடுக்கலாம். ஒரு வலீமா விருந்தின் செலவைக் குறைத்தால் ஒரு மாணவியின் ஓராண்டுச் செலவு வந்துவிடும்.

பாத்திமா பீவிக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டாவது பெண் வருவதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து 1988இல் மாவட்ட நீதிபதியாகப் பணியைத் தொடங்கிய பானுமதி, 2014இல் அங்கு சென்று அமர்ந்தார். 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவி ஏற்றார்கள். அவர்களுள் ஒருவர் நீதியரசர் நாகரத்னா. பாத்திமா பீவி பதவி ஏற்ற 1989இல் தலைமை நீதிபதியாக இருந்த வெங்கடராமையாவின் மகள் அவர். திறந்த கதவின் வழியே பல சமுதாயத்துப் பெண்கள் உள்ளே சென்றிருக்கிறார்கள். பாத்திமா பீவி ஓய்வு பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அந்த உச்ச நீதிமன்றத்தில் இரண்டாவதாக ஒரு முஸ்லிம் பெண் அமரவில்லை. இதற்கு நாட்டின் நியமன முறைகளிலும் காரணங்கள் இருக்கலாம். அவற்றைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்த ஏணியின் முதல் படி முன்சீப் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதற்கும் முந்திய படி நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அந்தப் படியில் நம் மகளை நாமே மறித்து நிற்கும்போது, மேலே இடம் காலியாக இருப்பதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

2023 நவம்பர் 23 அன்று, தம் 96ஆம் வயதில், கொல்லத்தில் நீதியரசர் பாத்திமா பீவி காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிறந்த ஊரான பத்தனம்திட்டாவின் ஜும்ஆ பள்ளிவாசலில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அடக்கத்தலம் பள்ளிவாசலோடு இருக்கிறது. உழைத்த இடம் நீதிமன்றம். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட வேண்டிய தேவை அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஏற்படவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன், அந்தச் சகோதரரின் வீட்டுக்கு மீண்டும் சென்றோம். முற்றத்தில் சொன்ன பதிலுக்காக வருத்தம் தெரிவித்தோம். மகளை அழைத்து, அவள் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறாள் என்று கேட்டோம். "எங்க மாமிக்காக" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை. அவளுடைய அத்தாவும் தலை நிமிரவில்லை. விண்ணப்பத்துக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு, சலாம் கூறி எழுந்தோம்.

மகள் உள்ள தந்தையரே, இந்த ஆண்டு உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை கேட்கக்கூடும். பதில் சொல்வதற்கு முன் அவளுடைய தரப்பைக் கேளுங்கள். யா அல்லாஹ்! நீதியை நிலைநாட்டும் பெண் மக்களை எங்களுக்குத் தந்தருள்வாயாக. அவர்களுக்கு வழிவிடும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. மர்ஹூமா பாத்திமா பீவியின் பிழைகளைப் பொறுத்து, அவரது மண்ணறையை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.